உப்பும் உழைப்பும்

உப்பு வணிகராகிய உமணர், நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுசென்றதைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. கடற்கரைக்குத் தொலைவிலுள்ள திருத்தணி போன்ற ஊர்களின் அடுக்களைகளிலும் கடலுப்பே சுவை தருகிறது.

தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் முதலிய இடங்களில் உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்றச்செய்து உப்பை விளைவிக்கின்றனர். இவ்வாறு விளையும் கல்லுப்பே உடலுக்கு நன்மை தரும் எனப் பலர் கருதுகின்றனர். அதில் மக்னீசியம், கால்சியம் ஆகியன சிறிதளவு உள்ளன. ஆனால், உடலுக்கு இன்றியமையாத அயோடின் இயற்கையான கடலுப்பில் மிகக் குறைவு. அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை தோன்றும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். எனவே, கல்லுப்பாயினும் அயோடின் சேர்ந்ததையே வாங்குதல் வேண்டும். எவ்வகை உப்பாயினும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உண்ணவேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகிறது.

உப்பின் நன்மையைப் பேசும் நாம், அதனை விளைவிப்போரின் உடல்நலத்தையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். உவர்நீரில் நின்று உழைப்போரின் கால்கள் வெடித்துப் புண்ணாகின்றன. உப்பின்மேல் பட்டு மீளும் வெயிலொளி கண்களை வருத்துகிறது. மழைக்காலத்தில் வேலையும் இருப்பதில்லை. உப்பு மக்களின் உரிமை என்பதற்காக, 1930ஆம் ஆண்டு இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு நடந்தனர். அவ்வுரிமையில் உப்பளத் தொழிலாளர்க்கும் பங்குண்டு. காலுறை, கண்ணாடி, நல்ல குடிநீர், உரிய கூலி ஆகியன அவர்களுக்குக் கிடைத்தாக வேண்டும். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்னும் பழமொழி உப்பை விளைவித்தவருக்கும் பொருந்தும்.