ஆயிரம் லீற்றர் தாங்கியில் எத்தனை கிலோ நெல்?



காலபோக அறுவடை முடிந்ததும் துணுக்காய், மல்லாவிப் பக்கம் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி இது: சாப்பாட்டுக்கு வைக்கும் நெல்லை எதில் கொட்டுவது? எலி தொடாத பிளாஸ்டிக் தாங்கி வாங்கலாம் என்பார் ஒருவர். ஆயிரம் லீற்றர் தாங்கியென்றால் ஆயிரம் கிலோ பிடிக்கும்தானே என்பார் மற்றவர்.

தண்ணீரென்றால் பிடிக்கும். நெல்?

விடை நம்முடைய புசலுக்குள்ளேயே இருக்கிறது. புசல் அடிப்படையில் ஒரு கொள்ளளவு: 8 கலன், அதாவது 36.4 லீற்றர். அவ்வளவு நெல்லுக்கு 46 இறாத்தல், கிட்டத்தட்ட 20.9 கிலோ என்பதே நம் நாட்டுக் கணக்கு. கிலோவை லீற்றரால் வகுத்தால் 0.57. நெல்மணிகளுக்கு இடையிலிருக்கும் காற்றையும் சேர்த்த அடர்த்தி இது.

இனி மிச்சம் சுலபம். திணிவை அடர்த்தியால் வகுத்தால் கனவளவு. ஆயிரம் கிலோ நெல்லுக்கு ஏறத்தாழ 1,740 லீற்றர் இடம் வேண்டும். ஆயிரம் லீற்றர் தாங்கியோ 570 கிலோவுடன் நிரம்பிவிடும். இனத்துக்கு இனம் கொஞ்சம் கூடக் குறைய வரலாம். ஆனால் நன்றாகக் காய்ந்த நெல்லையே அடையுங்கள். ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

குசினிக்கும் இதே கணக்குத்தான். ஒரு கடையில் தேங்காயெண்ணெய்க்குக் கிலோ விலை, பக்கத்துக் கடையில் லீற்றர் விலை. இரண்டும் ஒரே தொகையென்றால் எங்கே வாங்குவீர்கள்? ஒரு லீற்றர் எண்ணெய் 920 கிராம் அளவில்தான் நிற்கும். ஆகவே கிலோக் கடையில்தான் லாபம்.

தேன் அதற்கு நேர்மாறு, லீற்றருக்கு 1.4 கிலோ வரும். 750 மில்லிலீற்றர் போத்தல் நிறையக் காட்டுத்தேன் வாங்கினால், போத்தலின் நிறையைக் கழித்தபின்னும் ஒரு கிலோவுக்குக் குறையக் கூடாது. நன்றாகக் குறைந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். சீனிப்பாகு கலந்திருந்தால் மட்டும் தராசு காட்டிக்கொடுக்காது.

திணிவு, அடர்த்தி, கனவளவு பற்றிய இந்தச் சூத்திரத்தை நம் பிள்ளைகள் பரீட்சைக்காகப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். வீட்டு நெல்லின் கணக்கை அவர்களிடமே கொடுத்துப் பாருங்களேன். விடையோடு அலகையும் கேளுங்கள். தாங்கி வாங்கப் போகுமுன் கணக்கு முடிந்தால், பாதி நெல்லை வெளியே வைத்துக்கொண்டு இரண்டாவது தாங்கிக்குக் காசு தேடவேண்டி வராது.

அன்புடன்,
ஆசிரியர்