390 கிலோமீட்டர் என்னும் அரைப்பொய்

மைசூரின் மண்டகள்ளி விமான நிலையத்திற்கும் சென்னை மீனம்பாக்கத்திற்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 390 கிலோமீட்டர். இதனை மணிக்கு 800 கிலோமீட்டர் என்னும் ஜெட் வேகத்தால் வகுத்து, 'பயண நேரம் அரை மணி' என்று விடை தருவது எளிது. வகுத்தல் சரி, விடை தவறு. மண்டகள்ளி ஓடுபாதையின் நீளம் 1,740 மீட்டர். அங்கே வந்துபோன பயணிகள் சேவையைப் பெரும்பாலும் தாங்கியவை மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கும் ஏடிஆர் விமானங்களே. ஏறுவதும் இறங்குவதும் சேர்ந்தால் அட்டவணை நேரம் ஒரு மணியைத் தாண்டுகிறது.

பிழை எண்ணில் மட்டும் இல்லை. தொலைவு பற்றிய கருத்திலேயே இருக்கிறது. தொலைவைக் கடப்பவரைக் கொண்டே அளந்த மொழி தமிழ். குரல் எட்டும் எல்லை 'கூப்பிடு தூரம்'. ஒரு நாழிகையில் நடந்து கடப்பது 'நாழிகை வழி'. அந்த அளவைகளுக்குள் ஒரு மனிதர் இருந்தார். வான்வழிக் கணக்கில் அவர் இல்லை. விமானம் உண்டா என்ற வினாவும் இல்லை.

அந்த வினாவே முதன்மையானது. 2017 செப்டம்பரில் உடான் திட்டத்தின்கீழ் ட்ரூஜெட் நிறுவனம் மைசூர்–சென்னை சேவையைத் தொடங்கியது. 2022 பிப்ரவரியில் அந்நிறுவனத்தின் இயக்கமே நின்றது. இது ஒரு நிறுவனத்தின் தலைவிதி மட்டுமன்று. உடான் மூன்றாம் சுற்றுவரை ஒதுக்கப்பட்ட 774 தடங்களில் 371 மட்டுமே தொடங்கின. மானியக் காலமான மூன்றாண்டுகளை நிறைவு செய்தவை 112. அதன் பின்னும் 2023 மார்ச் வரை நீடித்தவை வெறும் 54. இது இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை தரும் கணக்கு. 774 தடங்களுக்கும் கிலோமீட்டர் மாறவில்லை. அவற்றுள் 720 தடங்களில் பயணம் நிலைக்கவில்லை.

இதனால் இழப்பு யாருக்கு? 1966இல் உதகையிலிருந்து மைசூருக்குப் பெயர்ந்த தொல்லியல் துறையின் கல்வெட்டியல் கிளையில் தமிழ்க் கல்வெட்டு மைப்படிகள் பல்லாயிரம் குவிந்திருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அரை மணித் தொலைவு உண்மையாயின் அவ்வழக்குக்கே பொருளில்லை. உதவித்தொகையை எண்ணிச் செலவழிக்கும் ஆய்வு மாணவருக்கு மைசூர் என்றால், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் இருப்புப்பாதையும் காவேரி விரைவு வண்டியில் ஓர் இரவும்தான். அந்த வண்டி மெதுவானது. ஆயினும் நாள்தோறும் வருகிறது. ஆகவே அதுவே அருகில் இருக்கிறது.

ஒரு தடத்தை அறிவிக்கும்போது கிலோமீட்டரையும் நிமிடத்தையும் மட்டும் சொல்வது அரைப்பொய். வாரத்தில் எத்தனை நாள், எந்தக் கட்டணத்தில், எத்தனை ஆண்டுகளுக்கு என்பவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அது தொலைவு. இல்லையேல் அது வரைபடத்தின் மேல் இழுத்த கோடு. கோட்டில் எவரும் பயணம் செய்வதில்லை.