ஜின்னுக்கு ராஜமரியாதை! கள்ளுக்குக் கைவிலங்கா?



ஜவ்வாது மலையிலிருந்து ஒடுகத்தூருக்கு இறங்குகிற புளி, நெல்லி, கடுக்காய், சாமைக்கு என்ன விலை கிடைக்கிறது என்பது நமக்கெல்லாம் தெரியும். வியாபாரி சொன்னதுதான் விலை. பஸ் சார்ஜ் போக மிச்சம் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது பெரிய நகரங்களில் ஒரு புதுக்கதை நடக்கிறது. ஜின் என்று ஒரு மது. வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். அதில் "உள்ளூர் மூலிகை, இயற்கைக்குக் கேடில்லாத முறை, கைப்பக்குவம்" என்று எழுதி, பாட்டில் ரெண்டாயிரத்துக்கு மேல் விற்கிறார்கள். கோவாவில் காய்ச்சும் 'ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ்', இமயமலை ஜூனிப்பர் காயில் செய்கிற 'ஹபூசா' இரண்டும் 2018-ல் வந்தவை. ஜூனிப்பர் நம்ம மலையில் கிடையாது. மற்றபடி உள்ளே போவது என்ன? கொத்தமல்லி விதை, எலுமிச்சைத் தோல், இஞ்சி, மஞ்சள், மிளகு. எல்லாம் நம்ம அஞ்சறைப்பெட்டிச் சரக்கு!

"அப்படியானால் நம்ம நெல்லியும் எலுமிச்சையும் நல்ல விலைக்குப் போகுமே" என்று சில இளைஞர்கள் நம்மிடம் கேட்டார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஜின் தயாரிக்கிறவர்களில் பெரும்பாலோர் சாராயத்தைத் தாங்களே வடிப்பதில்லை. தானியத்திலோ கரும்புப் பாகுக் கழிவிலோ வடித்த வாசனையில்லாத சாராயத்தைப் பெரிய ஆலையில் வாங்குகிறார்கள். அதில் இந்தச் சரக்கையெல்லாம் ஊறப்போட்டு, செம்புப் பானையில் மறுபடி ஒருமுறை வடிக்கிறார்கள். ஒரு லிட்டருக்குப் போகிற மொத்த வாசனைச் சரக்கே சில பத்து கிராம்தான். மூட்டைக்கணக்கில் விளைவிக்கிற நமக்கு அதில் கிடைப்பது பாட்டிலுக்குச் சில்லறைக் காசு. மீதி உரிமம் வைத்திருப்பவனுக்கும், வரி போடுகிற அரசுக்கும், விளம்பரக்காரனுக்கும் போகிறது. ஹபூசா செய்த கம்பெனியையே 2025-ல் டியாஜியோவின் யுனைடெட் ஸ்பிரிட்ஸ் முழுசாக வாங்க ஒப்பந்தம் போட்டுவிட்டது. கைப்பக்குவம் கடைசியில் பன்னாட்டுக் கம்பெனி கைக்கே போய்ச் சேர்ந்தது!

ஆகவே மூலிகை யாருடையது என்பதல்ல பிரச்சினை. உரிமம் யார் கையில் என்பதுதான் பிரச்சினை.

ஆலை வேண்டாம், வாசனைச் சரக்கு வேண்டாம், வெளியூர்ச் சாராயம் வேண்டாம், மரத்திலிருந்து நேரே இறங்குகிற உள்ளூர்ச் சரக்கு நம்மிடம் ஒன்று இருக்கிறது. அதுதான் கள். தென்னையும் பனையும் உள்ள சிறு விவசாயிக்குத் தினம் கையில் காசு வரும் வழி. 1981-ல் கள்ளுக்கடையைத் திறந்த அரசே 1987 ஜனவரி முதல் தேதி மூடியது. 2003-ல் டாஸ்மாக் மூலம் சீமைச்சரக்கைச் சில்லறையில் விற்க அரசே கல்லாவில் உட்கார்ந்தது. 2024-25-ல் அந்தக் கல்லாவில் விழுந்த வருமானம் 48 ஆயிரம் கோடிக்கு மேல். 42.8 சதவீதம் ஆல்கஹால் உள்ள பாட்டிலை அரசாங்கம் விற்கலாம், ஐந்து சதவீத அளவில் இருக்கும் கள்ளை நாம் இறக்கினால் ஜெயில்! இது எந்த ஊர் நியாயம்?

அண்டை மாநிலம் கேரளாவில் கள் விற்பனை சட்டப்படியே நடக்கிறது. கள்ளுத் தொழிலாளிக்கு 1969-லேயே நலநிதிச் சட்டம் போட்டார்கள். கோவா முந்திரிப்பழ ஃபென்னிக்கு 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மத்தியப் பிரதேசத்தில் ஆதிவாசிகள் இலுப்பைப் பூவில் காய்ச்சுவதைக் குற்றம் என்று விரட்டிக்கொண்டிருந்த அரசு, 2022-ல் அதையே பாரம்பரிய மது என்று ஏற்று, அவர்களுடைய சுயஉதவிக் குழுக்களுக்கு அனுமதி கொடுத்தது. இங்கே 2017-ல் நீராவுக்கு மட்டும் அனுமதி தந்தார்கள். அதுவும் புளிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. வெயில் ஏறினால் தானே புளிக்கிற பொருளுக்கு ஐஸ்பெட்டி வைத்திருக்கிற சிறு விவசாயி எத்தனை பேர்?

இதைப் படிக்கும் தாய்மார்கள், "இருக்கிற டாஸ்மாக் போதாதா, இன்னொன்றா?" என்று கேட்பீர்கள். உங்கள் கோபத்தில் தவறில்லை. குடியால் தாலி இழந்த வீடு இல்லாத ஊர் இந்தப் பக்கம் இருக்கிறதா? கள்ளும் போதைதான், அதை மறைத்து நாம் பேசவில்லை. இன்னொரு கடை திறக்கச் சொல்லியும் கேட்கவில்லை. கள் கடை வரும் ஊரில் டாஸ்மாக் மூடப்பட வேண்டும், எங்கே, எத்தனை மணிவரை என்பதைக் கிராமசபை முடிவு செய்ய வேண்டும், அதில் பெண்கள் சொல்வதே முடிவு என்கிறோம். அதற்குச் சம்மதமில்லாத ஊரில் கடையே வேண்டாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அல்லேரி மலையில் சாராய ஊறலை அழித்ததாகப் பேப்பரில் வராத வருஷம் உண்டா? வெல்லமும் வேலம்பட்டையும் ஊறுகிற பானையை உடைக்கிறார்கள், அடுத்த மாதம் வேறு புதரில் முளைக்கிறது. வேறு வருமானம் இல்லாதவனைக் கேஸ் போட்டு எத்தனை நாள் நிறுத்த முடியும்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. தடைபோட்டு மூடிய கதவுக்குப் பின்னால்தான் அந்த விஷம் விற்றது.

நாம் கேட்பது இதுதான். கள் மீதான தடையை நீக்கு. இறக்கும் உரிமையை ஏலத்துக்கு விடாதே, மரக்காரர்களும் மரமேறிகளும் சேர்ந்த கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடு. 2006 வன உரிமைச் சட்டப்படி சிறுவனப் பொருள் மலைமக்கள் சொத்து, அதற்குக் குறைந்தபட்ச விலை வை. நாளைக்கு எந்தக் கம்பெனியாவது ஜவ்வாது மலை நெல்லி என்று பாட்டிலில் எழுத வந்தால், நெல்லி பறிக்கிறவர்களுடைய சங்கத்திடம் ஒப்பந்தம் போட்ட பிறகு எழுதட்டும்.

வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தையில் நமது சங்கத்தார் மனுவோடு நிற்பார்கள். கையெழுத்துப் போட வரும்போது உங்கள் நிலத்தில் தென்னை எத்தனை, பனை எத்தனை என்ற கணக்கையும் எழுதிக்கொண்டு வாருங்கள். விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கலெக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.