கறவைக்கு விடுமுறை இல்லை

2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கால் நாடே முடங்கியபோது பாலுக்குத் தடை இல்லை. அத்தியாவசியப் பொருள் என்று வண்டி ஓடியது, பூத் திறந்திருந்தது. ஆகவே மாடு வைத்திருப்போருக்குப் பெருந்தொற்றால் பெரிய அடி இல்லை என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலான கிழக்குக் கடற்கரைச் சாலை அதற்கு மாறான கதையைச் சொல்லும். சுற்றிலுமுள்ள ஊர்களில் கறக்கும் பால் வீடுகளுக்கு மட்டும் போவதில்லை. டீக்கடைக்கும் ஓட்டலுக்கும் விடுதிக்கும் போகிறது. கடலையும் சிற்பங்களையும் பார்க்க வருகிறவர்களை நம்பி அடுப்பெரியும் இடங்கள் அவை. டீக்கடைகள் பார்சல் கொடுக்கவே மே 11 வரை காத்திருந்தன. ஜூன் 19இல் சென்னையோடு செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதிகளுக்கும் மறுபடி முழு ஊரடங்கு. வீடுகளில் கூடுதலாக ஒரு டம்ளர் காபி போட்டிருப்பார்கள்தான். அது பெரும்பாலும் பாக்கெட் பால்.

மீனவர் படகைக் கரையேற்றி வைக்கலாம், தையல்காரர் மெஷினை மூடி வைக்கலாம். இரண்டிலும் வருமானம் போகும், ஆனால் செலவு ஓரளவு நிற்கும். கறவை மாட்டில் அது நடக்காது. கறக்காமல் விட்டால் மடிநோய். விற்காத நாளிலும் தவிடும் புண்ணாக்கும் வாங்கியாக வேண்டும். தீவனத்தைக் குறைத்தால் பால் இறங்கும்; இறங்கிய பால் அந்த ஈற்றில் பழைய அளவுக்கு ஏறுவது அரிது. இன்னொரு நட்டம் கண்ணுக்கே தெரியாது. மாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அது ஒரு நாள்கூட முழுதாக நீடிக்காது. அந்த நேரத்தில் சினை ஊசி போட ஆள் வராமல் இரண்டு முறை தவறினால், அடுத்த கன்று ஒன்றரை மாதம் தள்ளிப்போகும். சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல் என்பதால், 2020 ஏப்ரலில் தவறியது 2021இல்தான் கணக்கில் விழும். அதுவரை அந்த வீட்டை எந்த நிவாரணப் பட்டியலும் கவனிக்காது. சந்தைகள் மூடிக் கிடந்ததால் வற்றிய மாட்டை விற்கவும் வழியில்லை.

பால் கூட்டுறவு அமைப்பான ஆவின் கைவிடவில்லையே என்று கேட்கலாம். உண்மை, தனியார் பால் நிறுவனங்கள் கொள்முதலைக் குறைத்தபோது ஆவின் கூடுதலாக வாங்கியது, விலையையும் இறக்கவில்லை. ஏற்றவும் இல்லை. 2019 ஆகஸ்டில் பசும்பால் லிட்டருக்கு 32 ரூபாய் என நிர்ணயித்த கொள்முதல் விலை, 2022 நவம்பரில்தான் 35 ஆனது. இடையில் 2021 மே மாதம் நுகர்வோருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். குடிப்பவருக்கு அது நல்லது. கறப்பவருக்கு அதே கையோடு ஏதும் வரவில்லை. 2020 ஜூனில் மத்திய அரசு ஒன்றரைக் கோடி பால் விவசாயிகளுக்குக் கிசான் கடன் அட்டை தர இயக்கம் தொடங்கியபோதும், பால் ஒன்றியங்களிலும் உற்பத்தியாளர் நிறுவனங்களிலும் இருப்போரைத்தான் குறிவைத்தது. விலையானாலும் கடனானாலும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் வாசல் வழியாகவே வருகிறது. டீக்கடைக்கு ஊற்றியவருக்கு அந்த வாசலில் பெயர் இல்லை.

எனவே தொற்றுக்கால ஊரடங்கு அறிவிக்கும் ஆணையிலேயே, உறுப்பினர் அல்லாதார் பாலையும் சங்கம் எடுக்கும் என்ற வரி இருக்க வேண்டும். நல்ல காலத்தில் இரண்டு ரூபாய் அதிகம் என்று கடைக்குப் போனவர் இப்போது மட்டும் வரலாமா என்று உறுப்பினர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். அவர்களுக்குரிய போனஸைப் புதியவருக்குத் தர வேண்டாம். கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்து அடிப்படை விலை கொடுத்தால் போதும். மிஞ்சும் பாலைப் பவுடராக்கச் செலவாகும், பவுடர் விலையும் அந்நாளில் சரியும். அந்த நட்டத்தை ஒன்றியத்தின் தலையில் கட்டாமல் பேரிடர் நிதியிலிருந்து அரசு ஏற்க வேண்டும். புயலில் செத்த மாட்டுக்கு இழப்பீடு தர அந்த நிதியில் இடம் இருக்கிறது. உயிரோடு நின்று, விற்க ஆளில்லாத பாலைக் கறக்கும் மாட்டுக்குத்தான் இல்லை.