மாட்டுக்கறியை விடச் சொல்லும் டயட் சீட்டு

டயாலிசிஸ் வார்டில் நோயாளி கையில் கொடுக்கும் உணவுச் சீட்டை ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள் தோழர்களே. நான் பார்த்த பல சீட்டுகளில் முதல் வரியே 'அசைவம் தவிர்க்கவும்' என்றுதான் இருந்தது. ஒரு மருத்துவமனையில் வாய்விட்டே சொன்னார்கள்: "மாட்டுக்கறி தின்னா கிட்னி எப்படி நிக்கும்?" கிட்னி போனவருக்கு எலும்பும் நொறுங்கத் தொடங்கினால் அதே பழி இரண்டாம் முறையும் வருகிறது. கறியில் பாஸ்பரஸ் இருக்கிறதாம். இருக்கிறதுதான். எதில் எவ்வளவு என்ற கணக்கைக் காட்டாமல் சொல்வதால்தான் சந்தேகம் வருகிறது, இது மருத்துவமா, சேரிக்காரன் தட்டைப் பார்த்து வந்த அருவருப்பா என்று.

முதலில் எலும்பு ஏன் போகிறது என்று பார்ப்போம். வைட்டமின் டி-யை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு. மிஞ்சும் பாஸ்பரஸை வெளியேற்றுவதும் அதுதான். இரண்டும் தடைபட்டால் ரத்தத்தில் கால்சியம் குறையும், பாஸ்பரஸ் ஏறும். உடனே கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பிடிஎச் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். எலும்பு பொறையாகும், கால்சியம் ரத்தக்குழாய்ச் சுவரில் போய்ப் படியும். இடுப்பு முறிவு ஒரு பக்கம், மாரடைப்பு மறுபக்கம். இதெல்லாம் டயாலிசிஸுக்கு வந்த பிறகு தொடங்குவதும் இல்லை. நோயின் மூன்றாம் கட்டத்திலேயே தொடங்கிவிடும். மூட்டை தூக்கியும் சித்தாள் வேலை பார்த்தும் பிழைப்பவருக்கு எலும்பு வலிக்கிறது என்றால், "வேலை செய்ற உடம்பு வலிக்கத்தான் செய்யும்" என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சில வலி மாத்திரைகள் மிச்சமிருக்கும் கிட்னியையும் கெடுக்கும் என்பது தனிக் கொடுமை.

இப்போது தட்டுக்கு வருவோம். டயாலிசிஸ் செய்பவருக்குப் புரதம் குறையக் கூடாது. ஒவ்வொரு முறையும் கழிவோடு சேர்ந்து புரதச் சத்தும் கழிகிறது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். 50 கிலோ எடை உள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். (டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். அது அளவு பற்றியது. எந்த மாட்டின் எந்தப் பகுதி சுத்தம் என்பது பற்றியதல்ல.) அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, ஒரு கிராம் புரதத்தோடு எவ்வளவு பாஸ்பரஸ் உள்ளே போகிறது என்பதுதான். கொழுப்பு நீக்கிய மாட்டுக்கறியில் ஒரு கிராம் புரதத்துக்குச் சுமார் 10 மில்லிகிராம். பாலில் 25-க்கு மேல். முட்டை வெள்ளைக்கருவில் 2 மில்லிகிராம்கூட இல்லை. கறியை வெட்டி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பாஸ்பரஸ் இன்னும் குறையும். ஈரலையும், முள்ளோடு மென்று தின்னும் பொடி மீனையும் குறைக்கச் சொன்னால் நியாயம். கருவாட்டை உப்புக்காக விடச் சொன்னாலும் நியாயம். ஆனால் புனிதமான பாலுக்கு அனுமதி, மலிவாகக் கிடைக்கும் மாட்டுக்கறிக்குத் தடை என்றால் அந்தச் சீட்டை எழுதியது உயிர்வேதியியல் அல்ல. தீண்டாமையையும் மாட்டுக்கறியையும் இணைத்து அம்பேத்கர் 1948-லேயே எழுதிவிட்டார். அது இன்று வார்டுக்குள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நடக்கிறது.

உண்மையான எதிரி பெட்டிக்கடையில் தொங்குகிறது. கோலா பானங்களிலும், பாக்கெட்டில் அடைத்த தீனிகள் பலவற்றிலும், பதப்படுத்திய இறைச்சியிலும் பாஸ்பரஸ் கலந்த பொருட்களைச் சேர்க்கிறார்கள். பருப்பில் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி உடம்பில் சேராமலே போய்விடும். இப்படிச் சேர்க்கும் பாஸ்பரஸோ ஏறக்குறைய முழுதாக உள்ளே இறங்கும். எந்தச் சீட்டிலாவது இதைத் தடித்த எழுத்தில் பார்த்திருக்கிறீர்களா?

உணவைச் சரிசெய்தாலே போதும் என்பதும் பொய். ஒரு டயாலிசிஸில் நீங்கும் பாஸ்பரஸ் 1 கிராமுக்குள்தான். சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவர் உடம்பில் வாரத்துக்குச் சேர்வது சுமார் 4 கிராம். வாரம் மூன்று முறை செய்தாலே கணக்கு இடிக்கிறது. நம் ஆட்களில் பலருக்குக் கிடைப்பது இரண்டு முறை. மிச்சத்தைத் தடுக்கச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கும், பாஸ்பேட்டைப் பிணைக்கும் மாத்திரை வேண்டும். மலிவான கால்சியம் மாத்திரையை அள்ளிக் கொடுத்தால் அந்தக் கால்சியமே ரத்தக்குழாயில் படியும். கால்சியம் இல்லாத செவலமர் விலை அதிகம். ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் தரும் தேசியத் திட்டம் 2016-ல் வந்தது. ஆனால் மெஷின் இலவசமாக ஓடும் இடத்திலேயே பிடிஎச் பரிசோதனைக்கு வெளி லேபுக்குச் சீட்டு எழுதுவதையும், மாத்திரைக்கு மருந்துக்கடையைக் கை காட்டுவதையும் பார்க்கிறோம். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து படுத்திருப்பவர் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் கேட்க வேண்டியவை இவை. கால்சியம், பாஸ்பரஸ், பிடிஎச் பரிசோதனை அங்கேயே இலவசமாக நடக்க வேண்டும். பாஸ்பேட்டைப் பிணைக்கும் மாத்திரை மருத்துவமனை மருந்தகத்திலேயே கிடைக்க வேண்டும். தேவைப்படுவோருக்கு மூன்றாவது டயாலிசிஸ் தர வேண்டும். மெஷினில் படுத்திருக்கும் நாலு மணி நேரத்தில் அவித்த முட்டையின் வெள்ளைக்கரு இரண்டாவது தட்டில் வர வேண்டும். டயட் சீட்டை அச்சடிக்கும் முன், அதைச் சாப்பிடப் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.