சிப்பத்துக்கு 50 ரூபாய்: கோரிக்கை மனு

அனுப்புநர்: தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள், கிராம விவசாயிகள் சங்கம்.
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்.
நகல்: லஞ்ச ஒழிப்புத் துறை.
பொருள்: நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நடக்கும் கட்டாய வசூலை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2025-26 பருவத்துக்குப் பொது ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று அரசு அறிவித்துள்ளது. அதன்படி 40 கிலோ சிப்பம் ஒன்று சரியாக 1,000 ரூபாய். அதில் 50 ரூபாயை முன்கூட்டியே ரொக்கமாக வைத்தால்தான் எங்கள் ஊர் நிலையத்தில் நெல் தராசில் ஏறுகிறது. நெல்லுக்கான பணம் நேராக வங்கிக் கணக்கில் விழுந்துவிடுவதால் பிறகு பிடித்தம் செய்ய வழியில்லை, ஆகவே முன்பணம். அறுவடை இயந்திரத்துக்கும் வண்டிக்கும் வாடகை கொடுத்துவிட்டுக் கைவறண்டு நிற்கும் குத்தகை விவசாயி, இந்த லஞ்சத்துக்கென்றே நூற்றுக்கு 3 வட்டியில் கடன் வாங்குகிறார்.

கடந்த குறுவையில் எங்கள் உறுப்பினர் ஒருவரின் நெல் காலையில் ஈரப்பதமானியில் 19 காட்டியது. அனுமதி 17 சதவீதம்தான் என்று திருப்பிவிட்டார்கள். மதியம் 78 சிப்பத்துக்கு 3,900 ரூபாயை எண்ணி வைத்தார். அதே குவியல், அதே கருவி, 17 காட்டியது. அன்று முழுவதும் தூறல். முன்பெல்லாம் லஞ்சம் கேட்பவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார். இப்போது சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகல் என்று வரிசையாகக் கேட்கும் அதே மூச்சில் இதையும் கேட்கிறார்கள்.

புகார் கொடுக்க வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்கலாம். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் வந்த திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி; கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்ப முடியும். ஐப்பசி மழையில் அந்த 7 நாளுக்குள் குவியலின் அடிநெல் முளைவிட்டுவிடும். புகார் கொடுத்தவரின் நெல்லையும் பணம் கேட்ட அதே பட்டியல் எழுத்தர்தான் எடைபோட வேண்டும்.

அந்த எழுத்தரை மட்டும் கையும் களவுமாகப் பிடித்து அனுப்பினாலும் இது தீராது. கொள்முதல் செய்த மூட்டைகள் லாரி வராமல் வாரக்கணக்கில் வெளியில் கிடந்து காய்கின்றன, எடை குறைகிறது, குறைந்த எடைக்கான தொகை நிலையப் பணியாளர் தலையில் விழுகிறது. அவர் அதை எங்கள் தலையில் இறக்கிவைக்கிறார். லாரிக்கு மாமூல், ஆய்வுக்கு வருபவருக்கு மாமூல் என்றும் அவர் கணக்குச் சொல்கிறார். அதில் பாதி உண்மை என்பது எங்களுக்கும் தெரியும். மீதி எங்கே போகிறது என்பதைத்தான் விசாரிக்கக் கேட்கிறோம். எந்தக் கட்சி ஆண்டாலும் நிலையத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் 'நம்ம ஆள்' ஒருவர் உண்டு. வியாபாரியின் நெல் யாரோ ஒருவருடைய சிட்டாவில் இரவோடு இரவாக எடையாவது அவர் தயவில்தான். அவர் யார், எந்த உத்தரவின்பேரில் அங்கே இருக்கிறார் என்பதற்குத் தங்கள் அலுவலகம் எழுத்துமூலம் பதில் தர வேண்டும்.

எடையான மூட்டைகளை 3 நாளுக்குள் நகர்த்த வேண்டும். அப்படி நகர்த்தாமல் ஏற்படும் எடைக்குறைவைப் பணியாளரிடம் பிடிக்கக் கூடாது. இதைச் செய்தாலே 50 ரூபாய்க்குச் சொல்லப்படும் முதல் சாக்கு போய்விடும். ஈரப்பத அளவை விவசாயி பார்க்க எடுத்து, ரசீதில் எழுதி, நேரத்தோடு தர வேண்டும். பதிவு வரிசையைத் தினமும் பலகையில் ஒட்ட வேண்டும். லஞ்ச வழக்கில் சிக்கியவரை வழக்கு முடியும்முன் வேறொரு நிலையத்தில் உட்காரவைக்கும் வழக்கத்தை விட வேண்டும். தைமாதச் சம்பா அறுவடைக்கு முன் இவை நடைமுறைக்கு வர வேண்டும்.

பணம் கொடுத்த 23 உறுப்பினர்களின் வாக்குமூலங்களை இணைத்துள்ளோம். எல்லோருக்கும் 7 நாள் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. சட்டம் தம்மீதும் பாயலாம் என்பதைத் தெரிந்தே, பெயரும் சர்வே எண்ணும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்