மழை விட்டும் விடாத இருமல்

கடலூர் மாவட்டம் விருத்தாசலம், பீங்கானுக்குப் பேர் போன ஊர். பொம்மைகள், அகல் விளக்குகள், மின்சார பியூஸ் கட்டைகள் இங்கே தயாராகின்றன.

ஐப்பசி மழை பிடித்ததும் எல்லா ஊர்களையும் போல இங்கும் காய்ச்சலும் இருமலும் வரும். எந்த ஊரில் நோய் பரவுகிறது என்று அரசாங்கத்துக்கு எப்படித் தெரியும்?

வாரக் கணக்கு

இதற்காக 2004-ம் ஆண்டில் நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. சுகாதார ஊழியர், டாக்டர், பரிசோதனை நிலையம் என மூன்று தரப்பும் வாரந்தோறும் மாவட்டத்துக்குக் கணக்கு அனுப்பினார்கள். 2021 முதல் கம்ப்யூட்டரில் உடனுக்குடன் பதிவாகிறது. காய்ச்சல் எண்ணிக்கை திடீரென்று ஏறினால், கொசு ஒழிப்புக்கு ஆட்கள் விரைவார்கள்.

தூசி இருமல்

ஆனால் பீங்கான் தொழிலில் இன்னொரு இருமலும் உண்டு. களிமண்ணோடு சேர்க்கும் கல் தூளில் சிலிக்கா இருக்கிறது. அந்த நுண்தூசியைப் பல ஆண்டுகள் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறி இறுகும். இதுவே சிலிகோசிஸ். இதைக் குணமாக்க மருந்து இல்லை. காசநோயும் எளிதில் பற்றிக்கொள்ளும்.

1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம், இந்த நோயை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஆனால் சிறு பட்டறைத் தொழிலாளி "மழைச் சளிதான்" என்று இருந்துவிட்டால், அது எந்தக் கணக்கில் ஏறும்?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதிக்க வேண்டும். டாக்டரிடம், செய்யும் வேலையையும் சொல்ல வேண்டும். பட்டறையைத் தண்ணீர் தெளித்த பிறகே பெருக்க வேண்டும்.

மழைக் காய்ச்சல் வரும், போகும். நெஞ்சில் படிந்த தூசி போகாது!